ரயர் கடைப் பெடியன்

மானிப்பாயில ஒரு ரயர் கடை.
லொறி ரயருக்குக் காத்து ஏறுது.

அடிக்கிற பெடியனுக்கு இருபது வயசும் வராது. காத்துக் குழாயின்ர வாயை வால்வில கையால அமத்திப் பிடிச்சுக்கொண்டு குந்தியிருக்கிறான். முகம் ரயருக்கு நேரே.

நெஞ்சு பதறிப்போச்சு எனக்கு.

லொறி ரயருக்குள்ள 100 பிஎஸ்ஐ அளவில காத்துப் போகும். கார் ரயரைப் போல மூண்டு மடங்கு. ரயரின்ர பக்கம் வெடிச்சாலோ றிம் வளையம் கழண்டாலோ, முன்னால இருக்கிற ஆளைத்தான் அடிக்கும்.

இதுக்கெண்டே கிளிப் வைச்ச வாய் இருக்கு.
அமத்திக் கொளுவிவிட்டா வால்வின்ர புரியை அதுவே கவ்விக்கொள்ளும். நீளமான குழாய், நடுவில ஒரு திறப்பு, ஒரு மீற்றர். ஆள் ரயருக்கு நேரே நிக்காமல் தள்ளி நிண்டு அடிக்கலாம்.

அமெரிக்காவில பெரிய வாகன ரயர் வேலைக்கு இந்தக் கிளிப்பும் நீளக் குழாயும் சட்டப்படி குடுக்கவேணும். எங்கட பெடியளின்ர முகம் மட்டும் என்ன மலிவோ?



கடைக்காரரிட்டச் சொன்னனான்.
“இவ்வளவு காலமும் இப்பிடித்தானே அடிக்கிறம்” எண்டார்.

கடை வைச்சிருக்கிற அண்ணையள், தம்பியள்,
ஒரு கிளிப் வாங்கிக் குடுங்கோ. கிளிப்பின்ர பல்லுத் தேய்ஞ்சா உடன மாத்துங்கோ.

உங்கட பக்கத்துக் கடையில எப்பிடி அடிக்கினம்? போய்ப் பாத்துச் சொல்லுங்கோ.