உடைந்த கோப்பில் அம்மன் பாட்டு

மேல்மலையனூர், திங்கள்

பம்பைக்காரர் ஒருவரின் மகன் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய அப்பா பாடப் பாட, இங்கே முன்பு இருந்த டிடிபி கடையில் அடித்து வைத்த அங்காளம்மன் பாட்டுகள் அதில் இருக்கின்றன. அப்பா காலமாகிவிட்டார், கடையையும் மூடிவிட்டார்கள். வேர்டு கோப்புகள் கெட்டுப்போய், எதிலும் திறக்கவில்லை. "மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குப் பாடணும்ணே, ஒரு பாட்டாவது வந்தா போதும்" என்றார்.

செவ்வாய்

திறக்காத கோப்புக்குள் எட்டிப்பார்க்க யூனிக்ஸ் உலகில் ஒரு சின்னக் கட்டளை உண்டு: ஸ்ட்ரிங்ஸ். வேர்டா, படமா, நிரலா என்று அது பார்க்காது. பைட் பைட்டாகப் படித்துக்கொண்டே போகும், அச்சில் வரக்கூடிய எழுத்து குறைந்தது நான்கு சேர்ந்தாற்போல் கிடைத்தால் ஒரு வரியாகக் காட்டும், மீதியை விட்டுவிடும். வேர்டு கோப்பின் தலைப்பகுதி பாழானாலும் உள்ளே உரை முழுசாக இருக்கலாம். அதனால்தான் இதை நம்பி உட்கார்ந்தேன்.

திரையில் ஆங்கில எழுத்துகள் கொட்டின. ஒரு வரியில் எம், கே, அரைப்புள்ளி, கே, டி, அரைப்புள்ளி. பாமினியில் தட்டச்சு செய்தவர்களுக்கு இது பார்த்ததும் பிடிபடும். எம் என்பது அ; கே என்பது ம; டி என்பது ன; அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. அம்மன்! ஆங்கில எழுத்துகளின் எண்களில் தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துரு பாமினி. அதனால் ஸ்ட்ரிங்ஸ் அதை ஆங்கிலம் என்றே எண்ணி அள்ளிக் கொடுத்துவிட்டது. யூனிகோடுக்கு மாற்றியதும் பாட்டு வந்தது. வேர்டின் பத்திக்குறி வரும் இடத்தில் வரி முறிவதால் அடிகளும் குலையவில்லை.

வியாழன்

பிற்பாடு யூனிகோடில் அடித்த கோப்புகளை எடுத்தேன். ஸ்ட்ரிங்ஸ் ஒரு தமிழ் எழுத்தைக்கூடக் காட்டவில்லை. காரணம் எண்களில் இருக்கிறது. யூனிகோடில் 'க'வின் எண் 2965. யூடிஎஃப்-8 முறையில் அது 224, 174, 149 என்று மூன்று பைட்டுகளாகப் பதிவாகும். குனூ ஸ்ட்ரிங்ஸ், வேறெதுவும் சொல்லாவிட்டால், 127க்கு உட்பட்ட ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே எழுத்தாக மதிக்கும். மூன்றையும் குப்பை என்று தள்ளிவிடும்.

அதற்கு வழி உண்டு. கட்டளையோடு மைனஸ் குறி, சிறிய ஈ, இடம்விட்டுப் பெரிய எஸ் சேர்த்தால் எட்டு பிட் பைட்டுகளையும் ஏற்கும். சாதாரண உரைக்கோப்புகளின் சிதைந்த துண்டுகளிலிருந்து தமிழ் வந்துவிட்டது, கொஞ்சம் குப்பையோடு. வேர்டு கோப்புகளுக்கு இது போதாது. பழைய வேர்டு, தமிழ் யூனிகோடை எழுத்துக்கு இரண்டு பைட்டாக, யூடிஎஃப்-16 முறையில் வைக்கும். ஐகான்வ் கட்டளையால் அதை யூடிஎஃப்-8 ஆக்கி, தமிழ் உள்ள வரிகளை மட்டும் கிரெப் கொண்டு பிரித்தேன்.

வெள்ளி

பாட்டுகளை அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் அங்கேயே நின்று ஒன்றைப் பாடிப் பார்த்தார்.

எது படிக்கத்தக்க எழுத்து என்பதை ஸ்ட்ரிங்ஸ் கட்டளைக்குச் சொல்லிக்கொடுத்தது 1963இல் வந்த ஆஸ்கி. யூனிகோடில் தமிழ் 1991 முதலே இருக்கிறது. ஆனாலும் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்ற தமிழ் எழுத்துருக் குறியீடுகள் தரமாக வந்தன. 2010இல்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அதற்குள் ஆளுக்கொரு எழுத்துருவில் எத்தனையோ ஊர்களின் பாட்டும் தலபுராணமும் கோயில் கணக்கும் தட்டச்சாகிவிட்டன. கோப்பு நல்லபடி இருந்தும், எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரியாவிட்டால் வாசிப்பது பெரும்பாடு.

உங்கள் வீட்டிலோ அச்சகத்திலோ பழைய தமிழ்க் கோப்புகள் இருந்தால், திறக்கும் நிலையில் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றி, சாதாரண உரைக்கோப்பாக இரண்டு இடங்களில் வையுங்கள். மாற்ற நேரமில்லையென்றால், எழுத்துருவின் பெயரையாவது கோப்பின் பெயரோடு சேர்த்து எழுதிவிடுங்கள்.