தங்கைக்கு விட்ட பங்கு

நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே கிடக்கும் கடலைப் பூகோளப் புஸ்தகம் 'பாக் ஜலசந்தி' என்கிறது. 1763 முதல் 1767 வரையில் சென்னையில் கவர்னராக இருந்த ராபர்ட் பாக் என்ற வெள்ளைக்காரரின் பெயர் அது. அவர் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அந்தக் கடலில் போய் வந்துகொண்டிருந்தவர்களின் பெயர் மட்டும் பூகோளத்தில் இல்லை. அவர்களில் ஒருவர் நம் பாட்டனாரின் தந்தை. வல்வெட்டித்துறையில் பிறந்து, பாய்க்கப்பலில் தண்டையலாக இருந்து, நாகப்பட்டினத்தில் பெண் கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர்.

அவரைப் பற்றி நம் வீட்டில் வழங்கிய கதை ஒன்றுதான். "கூடப் பிறந்தவள் வீட்டையும் மனையையும் எழுதி வாங்கிக்கொண்டு, அவரைக் கட்டின வேஷ்டியோடு கடலுக்கு அனுப்பிவிட்டாள்" என்று நம் பாட்டியார் சொல்வார். மூன்று தலைமுறையாக இந்த வழக்கு நடந்து வந்தது. பிரதிவாதி மட்டும் ஒரு நாளும் ஆஜரானதில்லை.

ஆஜராக வழியும் இல்லை. 1948 ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு இலங்கைக்குள் நுழைவதற்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டியதாயிற்று. அதுவரையில் வியாபாரமாக இருந்தது ஒரே நாளில் கள்ளக் கடத்தலாகிவிட்டது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது ரயிலும் கப்பலும் சேர்ந்த பழைய பாதையும் அறுந்தது. பிறகு யுத்தம் வந்து 2009 வரையில் நீடித்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். இடையில் நின்றுபோய், 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. கோடை விடுமுறையில் நாமும் நம் இல்லாளும் ஏறிவிட்டோம். தூரம் சுமார் 110 கிலோமீட்டர். பிரயாணம் சுமார் நான்கு மணி நேரம். கும்பகோணத்திலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போகிற நேரத்துக்குள் அயல்நாடு வந்துவிடுகிறது!

காங்கேசன்துறையிலிருந்து கிழக்கே, தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதி முருகனைத் தரிசித்துவிட்டுச் சற்றுத் தூரம் போனால் வல்வெட்டித்துறை. ஒரு புறம் கடல், மறு புறம் பனை. இந்தச் சிறிய ஊரிலிருந்து கப்பல்கள் ஒரு காலத்தில் ரங்கூன் வரையில் சென்று அரிசி ஏற்றி வந்தன. யாழ்ப்பாணத்துப் புகையிலையைத் திருவிதாங்கூருக்கும், பனைமரத்தைத் தமிழ்நாட்டுக் கரைக்கும் கொண்டுபோயின. இவ்வூரில் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். இவ்வூர் மாலுமிகளே அதை ஓட்டிச் சென்று, 1938 ஆம் வருஷம் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இன்று கரையில் மீன்பிடிப் படகுகளே நிற்கின்றன.

விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். வாசலில் வந்து நின்ற அம்மையாருக்கு 81 வயது. நம் பாட்டனாரின் தந்தைக்குத் தங்கை ஒருத்தி. அவளுடைய மகளின் மகள் இவர். நம் ஊர்க் கணக்கில் அத்தை. யாழ்ப்பாணத்தில் 'மாமி' என்கிறார்கள். உறவைச் சொல்லி முடிப்பதற்குள், "உள்ளுக்கு வாங்கோ பிள்ளையள், வெயிலுக்கை நிற்காதேங்கோ" என்று அழைத்துவிட்டார்.

அவருடைய குமாரர், நமக்கு மச்சான், அப்படி எளிதில் மலரவில்லை. உபசாரத்தில் குறையில்லை, தேத்தண்ணியும் பனங்கட்டியும் வந்தன. ஆனால் நம் பையையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் கேட்டுவிட்டார்: "காணி அலுவலாகவோ வந்தனீங்கள்?"

அவர் கேட்டதில் தவறில்லை. ஊரில் பாதிப் பேர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து திடீரென்று வந்து இறங்கும் உறவினர் முதலில் வேலியை அளந்து பார்த்த சம்பவங்கள் அங்கே உண்டாம். இல்லை என்று நாம் சொன்னோம். அந்த 'இல்லை'யை அவர் எந்த அளவுக்கு நம்பினார் என்பது வேறு விஷயம்.

மாமி ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். 1987 இல் வடமராட்சியில் ராணுவ நடவடிக்கை நடந்தபோது, கையில் குழந்தையும் இந்தப் பெட்டியுமாக ஓடினாராம். அதற்குப் பின்பும் ஓட நேர்ந்தபோதெல்லாம் பெட்டி கூடவே போயிற்று. வீட்டின் கூரை போயிற்று. கதவு நிலைகள் போயின. பெட்டி மட்டும் மிஞ்சியது. அதிலிருந்து பழுப்பேறிய காகிதம் ஒன்றை எடுத்து, "தம்பி, நீங்கள் வாத்தியார்தானே, உரத்து வாசியுங்கோ. இவனும் கேக்கட்டும்" என்றார்.

நாம் பத்திரம் என்பதை அங்கே 'உறுதி' என்கிறார்கள். இது 1911 இல் எழுதிய சீதன உறுதி. யாழ்ப்பாணத்தில் 'தேசவழமை' என்று தனியாக ஒரு சட்டம் உண்டு. டச்சுக்காரர் 1707 இல் அதைத் தொகுத்து எழுதி வைத்தார்கள். அதில் பரம்பரைச் சொத்து முதுசம், சம்பாதித்தது தேடியதேட்டம், பெண்ணுக்குக் கல்யாணத்தில் கொடுப்பது சீதனம். இந்த வீடு தாயிடமிருந்து மகளுக்கு என்று வந்திருக்கிறது. அதோடு நிற்கவில்லை. மனையில் தமக்குரிய முதுசப் பங்கையும் தங்கையின் சீதனத்தோடு சேர்த்து, மனப்பூர்வமாய் விட்டுக் கொடுப்பதாகத் தமையன் எழுதியிருக்கிறார். கீழே அவர் கையெழுத்து. பாய்க்கயிறு இழுத்த கைக்கு எழுத்தாணி அவ்வளவாகப் பழக்கமில்லை என்பது ஒவ்வொரு வளைவிலும் தெரிகிறது. நம் குடும்பத்தில் எவரும் பார்த்திராத கையெழுத்து.

வாசித்து முடித்ததும் மச்சான் சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு, "அப்ப, உங்கட ஆள் தந்த வளவிலைதான் நாங்கள் இருக்கிறம்" என்றார். "இல்லை, உங்கள் பாட்டிக்கு அவர் கொடுத்த வளவில்" என்றோம். மாமி சிரித்தார். "அண்ணன் திரும்பி வருவான் எண்டு அம்மம்மா சாகுமட்டும் கடலைப் பாத்துக்கொண்டிருந்தவ" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் நம் வீட்டு வழக்கு தள்ளுபடியாகிவிட்டது.

மறுநாள் ஒடியற் கூழ் காய்ச்சினார்கள். பலா இலையை மடித்துக் கூழ் குடிக்கும் வித்தையை மச்சானே நம் இல்லாளுக்குக் கற்றுக் கொடுத்தார். நாம் புறப்படும் சமயத்தில், அந்த உறுதியைப் போட்டோப் பிடித்துக் கொள்ளும்படி அவராகவே சொன்னார்.

வாசகர்களில் பலருக்கும் இப்படி அக்கரையில் ஒரு வீடு இருக்கலாம். அதைப் பற்றி ஒரு தரப்புக் கதையும் இருக்கலாம். சுங்கச் சாவடியில் நம் பெட்டியைத் திறந்த உத்தியோகஸ்தர் பனங்கட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதற்கு என்ன மதிப்பு?" என்று கேட்டார். மாமி கொடுத்தது என்றோம். அவர் ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் பெட்டியை மூடினார்.