மூன்றாவது கேபிள் ஏன் சும்மா இருக்கிறது?



பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தந்தையார் கேட்டார்: "மூன்று கேபிள் இழுக்கப் பணம் கொடுத்தோம். ஒன்று வேலையே செய்யவில்லை என்கிறீர்களே, டீச்சர்?" நியாயமான வினாதான். அங்கே சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் அலுவலகம், கணினி அறை, நூலகம் மூன்றிலும் ஒவ்வொரு சுவிட்ச் உண்டு. ஒரு கேபிள் அறுந்தாலும் மாற்றுவழி இருக்கட்டும் என்று மூன்றையும் முக்கோணமாக இணைத்தோம். (எலி கேபிளைக் கடித்த கதை எந்தப் பள்ளியில்தான் இல்லை!) ஆனால் முக்கோணம் என்பது ஒரு வளையம். எல்லாருக்குமான அறிவிப்பு ஒன்று வந்தால், சுவிட்ச் அதை வந்த வழி தவிர மற்ற வழிகள் அனைத்திலும் படியெடுத்து அனுப்பும். ஈதர்நெட்டில் அந்த அறிவிப்புக்கு ஆயுள் வரம்பு இல்லை. வளையத்தில் சிக்கினால் ஓயாமல் சுற்றும். சில நொடிகளில் வேறெதற்கும் இடமிராது.

இதை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். முன்பொரு விடுமுறையில் கணினி அறையைத் துப்புரவு செய்தவர், தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையை நல்லெண்ணத்தோடு காலித் துளையில் செருகிவிட்டார். மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது. பள்ளி திறந்த அன்று இணையவழிப் புதிர்ப்போட்டி. விளக்குகளெல்லாம் ஒருசேரச் சிமிட்டின. ஒரு பக்கமும் திறக்கவில்லை. பல வாரம் பயிற்சி செய்த பிள்ளைகள் வெறுந்திரையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தனர்.

இதற்கு மருந்துதான் ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறை. 1985இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் வகுத்தது. அதை விளக்கிய கட்டுரையில் அவர் ஒரு சிறு கவிதையையும் சேர்த்தார் என்பது மொழியாசிரியையான எனக்குத் தனி மகிழ்ச்சி. சுவிட்சுகள் தமக்குள் பேசி ஒன்றை வேராகத் தேர்ந்தெடுக்கும். வேருக்குச் செல்லும் சிறந்த வழியை வைத்துக்கொண்டு, வளையம் உண்டாக்கும் வழியை மட்டும் அடைத்துவைக்கும்.

தேர்தலில்தான் சூட்சுமம். ஒவ்வொரு சுவிட்சுக்கும் முன்னுரிமை எண் வழக்கமாக 32768. எல்லாம் சமமாக இருந்தால், மேக் முகவரி எது சிறியதோ அது வேராகும். எங்களிடம் வென்றது நூலகத்தின் பழைய 100 மெகாபிட் சுவிட்ச்! விளைவு, அலுவலகத்துக்கும் கணினி அறைக்கும் இடையிலான வேகமான கிகாபிட் கேபிளே அடைபட்டது. கணினி அறையின் போக்குவரத்து முழுவதும் நூலகத்தைச் சுற்றிக்கொண்டு சென்றது. இணையம் மெதுவாக இருக்கிறதென்று வெளியே பழி போடும் பள்ளிகள் இதை ஒருமுறை பார்ப்பது நல்லது.

அமைப்புப் பக்கத்தில் அலுவலகச் சுவிட்சின் முன்னுரிமையை 4096 ஆக்கினேன் (4096இன் மடங்குகளையே ஏற்கும், சிறிய எண்ணே வெல்லும்). மூன்றிலும் 2001இல் வந்த விரைவு வகையான ஆர்.எஸ்.டி.பி.யைத் தேர்ந்தேன். பழைய வகையில் வழி மாற 30 முதல் 50 நொடி வரை ஆகலாம். கணினிகள் செருகப்படும் துளைகளை 'எட்ஜ்' என்று குறித்து, பி.பி.டி.யு. கார்டையும் இயக்கினேன். யாரேனும் அங்கே வளையம் உண்டாக்கினால் அந்தத் துளை மட்டும் மூடிக்கொள்ளும்.

இப்போது சும்மா இருப்பது கணினி அறைக்கும் நூலகத்துக்கும் இடையிலான கேபிள். சென்ற வெள்ளியன்று பள்ளி முடிந்தபின், அலுவலகத்திலிருந்து நூலகத்துக்குச் செல்லும் கேபிளை வேண்டுமென்றே பிடுங்கிப் பார்த்தேன். நூலகக் கணினியில் ஓடிக்கொண்டிருந்த காணொளி நிற்கவில்லை.