செம்மச்சமும் கண்ணழுத்தமும்

சித்திரை 4, கம்பம்

பிறந்த குழந்தையின் முகத்தில் ஒரு பக்கமாக, பன்னீர்த் திராட்சையின் சாறு படிந்தாற்போல் பரவியிருக்கும் செம்மச்சத்தைக் கண்டால், கருவுற்றிருந்தபோது தாய் கிரகணத்தில் வெளியே வந்திருப்பாள் என்று சொல்லும் வழக்கம் தமிழகத்து ஊர்களில் இன்னும் மறையவில்லை. மருத்துவர்கள் போர்ட் வைன் ஸ்டெயின் என்றழைக்கும் இம்மச்சம், தோலிலுள்ள தந்துகிகள், அதாவது மயிரிழையினும் மெல்லிய இரத்தக் குழாய்கள், பிறவியிலேயே விரிந்து நிற்பதால் உண்டாவது. ஏறத்தாழ 1000 குழந்தைகளில் 3 பேருக்குக் காணப்படுவது. கருவளர்ச்சியின்போது ஓர் உயிரணுவில் ஜிஎன்ஏக்யூ என்னும் மரபணு தற்செயலாகத் திரிவதே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்பது 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் தெரியவந்தது. அத்திரிபு பெற்றோரிடமிருந்து வருவதன்று. ஆகவே கிரகணத்துக்கும் இதில் பங்கில்லை, தாய்க்கும் இல்லை.

சித்திரை 7, தேனி

மச்சம் நெற்றியிலும் மேலிமையிலும் இருக்கும்போதுதான் கவலைக்கு இடமுண்டு. அதே திரிபு மூளையுறையின் குழாய்களையும் கண்ணையும் தொட்டிருந்தால் வலிப்பும், கண்ணின் உள்ளழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பைச் சிதைக்கும் கிளாக்கோமாவும் வரக்கூடும். 1879இல் ஸ்டர்ஜ் விவரித்து, பின்னர் வெபரின் பெயரும் சேர்ந்த நோய்த்தொகுப்பு இதுவே. மாநிறத் தோலில் சிவப்பு மங்கலாகத் தெரிவதால் மச்சம் கவனத்துக்குத் தப்பிவிடுவதும், தெரிந்தாலும் அழகுக் குறையாக மட்டுமே எண்ணப்படுவதும் கண்ணுக்குக் கேடாகின்றன. பார்வையிழந்த பாண்டியன் ஒளிபெற்றதாகத் தலக்கதை கூறும் வீரபாண்டிக்கு அருகிலேயே, தேனியில் 1985 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்கிவருவதால், கூடலூரிலோ சின்னமனூரிலோ பிறந்த குழந்தையின் முதல் கண் பரிசோதனை தள்ளிப்போக வேண்டியதில்லை. கண்ணில் ஓயாமல் நீர் வடிதலும், வெளிச்சத்துக்குக் கூசுதலும், ஒரு விழி மட்டும் பெரிதாகத் தோன்றுதலும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்.

சித்திரை 8

பிறந்து சில வாரங்களில் தடித்து வளர்ந்து, பின் தானே சுருங்கும் ஹெமாஞ்சியோமா வேறு; 2008க்குப் பின் அதற்கு வழங்கப்படும் ப்ராப்ரனலால் மருந்து செம்மச்சத்துக்குரிய சிகிச்சையன்று.

சித்திரை 12, மதுரை

செம்மச்சத்துக்குரிய பல்ஸ்டு டை லேசர், 585 அல்லது 595 நானோமீட்டர் அலைநீள ஒளியை நொடியில் மிகச் சிறு பங்கு நேரமே பாய்ச்ச, குருதியின் ஹீமோகுளோபின் அவ்வொளியை ஈர்த்துச் சூடேறி விரிந்த குழாயை மூடச்செய்கிறது. தோலின் கருநிறமியான மெலனினும் அதே ஒளியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால், நம்மவர் தோலில் ஆற்றலைக் குறைத்து, மேற்பரப்பைக் குளிர்வித்து, வாரங்கள் இடைவிட்டுப் பலமுறை செய்யவேண்டியுள்ளது. முற்றாக மறைவது அரிது, வெளிறுவதே வழக்கம். ஆண்டுகள் சென்று மீண்டும் கருஞ்சிவப்பாவதும் உண்டு. லேசர் தோலோடு நின்றுவிடுவதால், முகம் வெளிறிய பிறகும் கண்ணழுத்தத்தை அளந்துவருவது தொடரவேண்டும்.