மொறிஸ் மைனருக்குக் கிளச் வாங்க முன்னம்

யாழ்ப்பாணத்தில் பழைய கார்களைப் பற்றிக் கதை தொடங்கினால் அது மொறிஸ் மைனரிலோ ஒஸ்ரின் காரிலோதான் போய் நிற்கும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார் மைனர். 1990களில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராமல் இருந்தபோது மண்ணெண்ணெயிலும் ஓடியது. சின்னப் போத்தலில் இருக்கும் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். பின்னால் புகை எழும்பும், கார் போகும். அப்படி ஓடிய காரை விற்க மனம் வராமல் இன்றைக்கும் வீட்டு முற்றத்தில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருநாள் அதற்கும் கிளச் போகும்.

கிளச் தேய்ந்ததை யாழ்ப்பாணத்தில் உடனே கண்டுபிடிப்பது கஷ்டம். ஊர் அப்படியொரு தட்டை. கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வரும் கார் வழுக்குவதைக் காட்டாது. அதே காரில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏ 9 வீதியால் வெளிக்கிட்டு, மாத்தளை தாண்டிக் கண்டிக்கு ஏறும்போதுதான் எஞ்சின் மட்டும் கத்தும், கார் ஊர்ந்துகொண்டிருக்கும். எரிந்த மணமும் வரும்.

அதன் பிறகு அநேகமாக நடப்பது இதுதான். அப்பா இலண்டனில் இருக்கும் மகனுக்குத் தொலைபேசி எடுப்பார்.

"தம்பி, மைனருக்குக் கிளச் செற் ஒண்டு பார்த்து அனுப்பு."

"எந்த வருசத்துக் கார் அப்பா?"

"அறுபத்து நாலு."

மகன் வருடத்தைச் சொல்லி வாங்கி, ஊருக்கு வரும் உறவினர் ஒருவரின் பெட்டியில் வைத்து அனுப்பிவிடுவார். கராஜில் எஞ்சினைக் கழற்றி வெளியே தூக்கிய பிறகு பார்த்தால் சாமான் பொருந்தாது. எஞ்சின் சங்கிலியில் தொங்க, கார் மாதக்கணக்கில் ஒரு மூலையில் கிடக்கும். மைனரில் கிளச்சைத் தொடவேண்டுமென்றால் ஒன்றில் எஞ்சினை மேலால் தூக்கவேண்டும், இல்லாவிட்டால் காருக்குள் தரையைக் கழற்றி கியர்பொக்ஸை எடுக்கவேண்டும். இரண்டுமே ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலையில்லை.

பிழை எங்கே? மகன் வாங்கியது சரியானதுதான், புத்தகத்தின்படி. மைனர் 1000 என்று பெயர் பெற்ற காரில் 1956 தொடக்கம் 948 சிசி எஞ்சின் இருந்தது. அதற்கு 6¼ அங்குலக் கிளச். 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தது. குதிரைவலு 37இலிருந்து 48க்கு ஏறியதால் கிளச்சும் 7¼ அங்குலமாகப் பெருத்தது. ஆகவே 1964ஆம் ஆண்டுக் காருக்கு 7¼ என்பது நியாயமான கணக்கு. ஆனால் அறுபது வருடமாக ஓடுகிற கார் புத்தகத்தில் உள்ள கார் அல்ல. எஞ்சின் உடைந்தபோது கிடைத்த எஞ்சினை ஏற்றியிருப்பார்கள். கியர் பிழைத்தபோது வேறொரு காரின் கியர்பொக்ஸைப் பூட்டியிருப்பார்கள். சில கார்களில் ஜப்பான் எஞ்சினே உட்கார்ந்திருக்கும்.

எஞ்சின் இலக்கத்தைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். அந்தத் தகட்டில் 948க்கு 9 எம் என்றும் 1098க்கு 10 எம் என்றும் தொடங்கும். பாதி உதவிதான் அது. 1098 எஞ்சினைப் பழைய 948 கியர்பொக்ஸோடு சேர்க்க விரும்பியவர்கள், 948இன் பிளைவீலையும் பின் தகட்டையும் கழற்றி அதிலே பூட்டியிருப்பார்கள். பழைய கியர்பொக்ஸின் மணிக்கூடு சின்னது, பெரிய கிளச் அதற்குள் இராது. அப்படிப்பட்ட காரில் பெரிய எஞ்சினும் சின்னக் கிளச்சும் சமாதானமாகக் குடித்தனம் நடத்தும். இதை வெளியிலிருந்து மோப்பம் பிடிக்க ஒரு வழி உண்டு. காருக்கு அடியில் படுத்து கியர்பொக்ஸின் உடலைப் பார்க்கவேண்டும். வழுவழுப்பாக இருந்தால் பழையது, வரிவரியாகப் புடைப்பு இருந்தால் 1098க்கு வந்தது. அதற்குப் பிறகும் உறுதியான பதில் கழற்றி அளப்பதுதான். முதலில் கழற்றுவது, பிறகு வாங்குவது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினாலும் சரி, இலண்டனிலிருந்து எடுப்பித்தாலும் சரி, பழைய பிளேற்றைக் கையில் வைத்துக்கொண்டு விட்டத்தையும் நடுவில் உள்ள பற்களையும் எண்ணிச் சொல்லவேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் மாதக்கணக்காகத் தொங்கும் எஞ்சினைவிட இரண்டு வாரம் தொங்கும் எஞ்சின் மேல்.

கழற்றியதும் அளப்பதற்கு முன்னம் ஒருமுறை வடிவாகப் பார்க்கவேண்டும், நனைந்திருக்கிறதா என்று. இதைப் பார்க்காமல் புதுப் பிளேற் போடுவது காசைக் கிணற்றில் போடுவதுதான். இந்த எஞ்சினின் பின்பக்கத்தில் இறப்பர் சீல் கிடையாது. கிராங் தண்டு சுழலும்போது ஒயிலைத் திரும்ப உள்ளே தள்ளுகிற திருகு வரி ஒன்று மட்டும்தான். எஞ்சின் நல்லாக இருக்கும்வரை அது போதும். றிங் தேய்ந்தால் எரிந்த வாயு கீழே இறங்கி, உள்ளே அமுக்கம் கூடி, ஒயிலைப் பின்னால் தள்ளும். அது கிளச்சில் போய் இருக்கும். மண்ணெண்ணெய்க் கதை இங்கே திரும்ப வருகிறது. சரியாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிவிடும், சம்பில் உள்ள ஒயிலையும் தண்ணியாக்கும். அந்த வருடங்களில் ஓடி, பிறகு திருத்தப்படாத எஞ்சின் என்றால் கிளச் வழுக்குவதற்குக் காரணம் கிளச்சாக இல்லாமலே இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால் புகை சொல்லிவிடும். மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தாலும் இதே தொல்லைதான், அதைத் துப்புரவாக்கச் செலவு எதுவும் இல்லை.

ஒயில் கியர்பொக்ஸிலிருந்தும் வரலாம். மணத்தை வைத்துப் பிரிக்க ஏலாது, ஏனென்றால் கையேட்டின்படி மைனரில் இரண்டுக்கும் ஊற்றுவது ஒரே வகை எஞ்சின் ஒயில். எந்தப் பக்கம் நனைந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

புதுப் பிளேற்றா, பழையதற்கு லைனிங் அடிப்பதா என்ற கேள்வி கட்டாயம் வரும். நடுவில் உள்ள பற்கள் தேயாமலும் சின்ன வில்லுகள் ஆடாமலும் இருந்தால் லைனிங் அடிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. றிவெற் தலை லைனிங்கின் மேற்பரப்புக்குக் கீழே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பிளைவீலைக் கீறிவிடும். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடுகிற பழக்கம் கராஜ்களில் இருக்கிறது, அதைச் செய்யவிடக்கூடாது. ஈரத் துணியால் துடைத்து எடுக்கவேண்டும்.

றிலீஸ் பேரிங்கை எப்படியும் புதிதாகப் போடவேண்டும், அதைச் சேமிப்பது கஞ்சத்தனம். மைனருக்கு வந்தது உருளும் பேரிங் அல்ல, ஒரு கரி வளையம். மிதிக்கும்போது மட்டும் தொடும், தொடும்போதெல்லாம் தேயும். அதற்குப் பதிலாகப் போடக்கூடிய உருளும் பேரிங் இங்கிலாந்தில் விற்கிறார்கள், விலை கூட. சந்தியில் நிற்கும்போது நியூட்ரலில் போட்டுவிட்டுக் காலை எடுக்கிறவருக்குக் கரியே போதும். கிளச்சில் கால் வைத்துக்கொண்டே ஓடுகிறவர்தான் மற்றதை வாங்கவேண்டும். இங்கேயும் சின்னக் கிளச்சுக்கு ஒன்று, பெரியதற்கு வேறொன்று என்பதை மறக்கக்கூடாது.

எல்லாம் பூட்டிய பிறகும் கார் எடுக்கும்போது உதறினால் புதுக் கிளச்சைத் திட்டுவதற்கு முன்னம் எஞ்சின் இருக்கும் இறப்பர்களைப் பார்க்கவும். மணிக்கூட்டின் அடியில் ஒரு துளை, அதில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு கொட்டர் பின் இருக்கும். கசியும் ஒயில் உள்ளே தேங்காமல் கீழே சொட்டுவதற்காகவே அது இருக்கிறது, ஆடுவதால்தான் துளை அடைபடாமல் இருக்கிறது. தேவையில்லாத பின் என்று நினைத்து அதைக் கழற்றித் துளையை அடைத்துவிடுகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் மட்டும் காரைக் கொடுக்கவேண்டாம்.