ஜூலையில் ஒரு கோடைப் பாட்டு

இலங்கை மலையகத்தின் தலவாக்கலையில் ஜூலை மழை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாரோ கைபேசியில் ரேடியோ போட்டிருந்தார்கள். குளிர்பான விளம்பரம், வெயில், வியர்வை, தாகம், துள்ளல் மெட்டு. மழைக்குப் போர்த்திய கொங்காணியை உதறிக்கொண்டே ஒரு அக்கா சொன்னார்: “நம்மளக் குடிக்கச் சொல்றான் தம்பி. இங்க இடுப்புப் படங்கப் புழிஞ்சா ஒரு வாளி வரும்.” வரிசையே சிரித்தது. அடுத்த நிமிஷம் அவர் கொழுந்தில் தண்ணிக்கென்று கிலோ கழித்தார்கள்.

*

இதே மாதம் ஜெர்மனியில் நடுக்கோடை. அங்கேயும் வெயில் ஏமாற்றும் வருஷங்கள் உண்டு. அதைப் பாட்டாக்கியவர் ரூடி கரெல். நெதர்லாந்தில் பிறந்து ஜெர்மன் தொலைக்காட்சியில் பெயரெடுத்தவர். சரியான கோடை மறுபடி எப்போது வரும் என்று 1975இல் அவர் பாடிக் கேட்டார். மெட்டு, அமெரிக்கரான ஸ்டீவ் குட்மன் ஒரு ரயிலைப் பற்றி எழுதிய ‘சிட்டி ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்’. ரயில் மெட்டில் மழைப் புலம்பல்! அந்தப் பொருத்தமின்மைதான் வேடிக்கை.

*

நம் தோட்ட லயத்துப் பிள்ளைகளுக்கு, மெட்டை வைத்துக்கொண்டு வார்த்தையை மாற்றும் இந்த வித்தை தண்ணீர் பட்ட பாடு. இலங்கை வானொலி வர்த்தக சேவை தொடங்கியது 1950இல். பின்னாளில் அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் குரல்களோடு விளம்பரப் பாட்டுகளும் மலையேறி வந்தன. லயத்து அறையான ஒரு காம்பராவில் ரேடியோ பாடினால் பக்கத்துக் காம்பராக்களுக்கும் கேட்கும். பற்பொடியின் பெயரைத் தூக்கிவிட்டுக் கங்காணியின் பெயரைப் போட்டால் புதுப் பாட்டு தயார். மெட்டு கொழும்புக்குச் சொந்தம், கிண்டல் தோட்டத்துக்குச் சொந்தம்.

*

எங்கள் வெயில் காலம் தை முதல் பங்குனி வரை. இரவில் பனி, பகலில் காய்ந்த காற்று. திம்புள பக்கத்துத் தேயிலைக்கு மணமும் விலையும் ஏறுவது அப்போதுதான். ஆனால் கொழுந்து மெதுவாகத்தான் துளிர்க்கும். நாளெல்லாம் மலையில் நின்றாலும் கிலோ எட்டாது, எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். மழையில் தண்ணிக்கு வெட்டு, வெயிலில் பேருக்கு வெட்டு. தலவாக்கலைக்கென்று ஒரு கோடை விளம்பரப் பாட்டு எழுதினால் முதல் அடி இங்கேதான் தொடங்க வேண்டும்.

கொங்காணி, படங்கு, அரைப்பேர், தேயிலை ஆலைக்கு இஸ்டோரு என்று இங்கே வாயில் புழங்கும் சொற்களில் ஒரு விளம்பரம் வந்து நான் கேட்டதில்லை. தேயிலை விளம்பரத்தில்கூடக் கொழுந்து கிள்ளும் பெண் புன்னகைப்பாள், பேசமாட்டாள். அவளுக்குத்தான் முதல் மைக்கைக் கொடுக்க வேண்டும்.