கடல் நடுவே ஓர் எரிமலை

எரிமலையைக் காண இத்தாலிக்கோ ஜப்பானுக்கோ செல்ல வேண்டும் என்று எண்ணுவோர் நம்மிற் பலர். நம் பாரத நாட்டிலேயே உயிருள்ள எரிமலை ஒன்று உண்டு. அந்தமான் தலைநகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டர் தொலைவில், கடல் நடுவே தனித்து நிற்கும் பாரன் தீவே அது. தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் அத்தலைநகரைப் போர்ட் பிளேர் என்றே நாம் அறிவோம். 2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்.

தீவின் உயரம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 350 மீட்டரே. கடலடியிலிருந்து கணக்கிட்டாலோ 2,000 மீட்டருக்கும் மிகும். நாம் காண்பது மலையன்று, மலையின் முடி!

1787-இல் அது சீறியதைக் கப்பலோட்டிகள் குறித்து வைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் அடங்கிய மலை, நூறாண்டுகளுக்கு மேல் உறங்கி, 1991-இல் விழித்தது. அதன்பின் பலமுறை கனன்றுள்ளது. 2017-இல் அருகே சென்ற கோவா கடலாய்வு விஞ்ஞானிகள் பகலில் சாம்பல் மேகத்தையே கண்டனர். இருட்டிய பின்னரே செந்நிறப் பிழம்பு தெரிந்தது.

இத்தகைய மலையைக் காணச் செல்வோர் முன்னேற்பாட்டுடன் செல்லல் வேண்டும். கடல் அமைதியாயிருக்கும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான காலம் ஏற்றது. தீவில் மனிதர் குடியிருப்பு இல்லை; அது வனவிலங்குச் சரணாலயம். கரையிறங்க எண்ணாது, கப்பல் தளத்திலிருந்தே காண்பது முறை. கப்பல் உண்டா, அனுமதி உண்டா என்பதை அரசின் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே பயணச்சீட்டுப் பெறுக. வேறு படகுக்காரர் கரையருகே கொண்டுசெல்வதாகக் கூறினும் இணங்கற்க.

கப்பல் எப்போதும் காற்று வரும் பக்கத்தில் நிற்றல் வேண்டும். எதிர்ப்பக்கத்தில் சாம்பலும் கந்தகப் புகையும் கண்ணையும் நெஞ்சையும் வருத்தும். எரிகுழம்பு கடலிற் கலக்குமிடத்தில் எழும் வெண்ணிற ஆவி அழகாகத் தோன்றினும் அமிலம் நிறைந்தது. ஆதலின் ஆஸ்துமா உடையோரும் கைக்குழந்தைகளும் தலைநகரிலேயே தங்குதல் நன்று. மற்றையோர் எளிய உணவு உண்டு, கடற்பயண மயக்கத்திற்கு மருத்துவர் சொன்ன மாத்திரையையும் உடன்கொள்க.

இவ்வளவும் செய்தபின், காற்றுத் திசை மாறிக் கப்பல் பாதிவழியில் திரும்பவும் கூடும். "இத்தனை செலவு செய்து வந்தோமே!" என்று மாலுமியை நெருக்குதல் தகாது. நூறாண்டுகளுக்கு மேல் உறங்கிய மலைக்கு நம் விடுமுறை நாள் தெரியாது. குழந்தைகள் நலமே வீடு திரும்பினால், மலையை மற்றோர் ஆண்டு காணலாம்.